கையில் கொடுத்த பாடத்திட்டத்தில் ஆசிரியர் எவ்வளவு கை வைக்கலாம்?

கேள்வி இது: ‘கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அறிமுகப் புள்ளியியல் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஐந்து யூனிட் கொண்ட ஒரு பாடத்திட்டமும் வந்தது. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியவில்லை. கடைசி யூனிட் எப்போதும் அவசரமாகத்தான் முடியும் என்று மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இன்னொரு பிரிவுக்கும் இதே பாடம் நடக்கிறது, இறுதித் தேர்வு பொதுவானது. இந்த நிலையில் நான் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, எங்கே தொடங்குவது?’

நிறையவே மாற்றலாம். எந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால், மீதி எல்லாவற்றிலும் உங்களுக்கு இடம் இருக்கிறது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டத்தை மேம்படுத்துவது என்றதும் பலருக்கும் புதிதாக எதையாவது சேர்க்கத்தான் தோன்றும்: புதிய தலைப்பு, புதிய மென்பொருள், இன்னொரு அசைன்மென்ட். நான் பார்த்தவரை நல்ல மாற்றங்களில் பெரும்பாலானவை எடுத்ததாலும் இடம் மாற்றியதாலும் வந்தவை. சேர்ப்பது கடைசி வேலை.

முதலில் அந்தத் தாளைப் பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். அதில் இரண்டு வகைச் செய்திகள் கலந்து கிடக்கும். ஒரு வகை, கல்லூரி மாணவருக்கும் அடுத்த வகுப்புக்கும் வெளியே இருக்கும் அங்கீகார அமைப்புக்கும் கொடுத்த வாக்கு: பாடத்தின் பெயர், கிரெடிட், கற்றல் விளைவுகள், முன்தேவைப் பாடங்கள், இன்டெர்னலுக்கும் இறுதித் தேர்வுக்கும் உள்ள மதிப்பெண் பங்கு, வருகை விதி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஏற்பாடுகள். இவற்றை நீங்களாக மாற்ற முடியாது. துறைக் கூட்டமோ பாடத்திட்டக் குழுவோ கூடித்தான் மாற்ற வேண்டும். இன்னொரு வகை, முன்பு பாடம் எடுத்தவர் போட்ட வழி: எந்த வாரம் எது, எந்த எடுத்துக்காட்டு, எத்தனை குட்டித் தேர்வு, என்ன வாசிப்பு, எந்த வரிசை. இதில் பெரும்பகுதி பழக்கத்தால் நின்றுபோனது. ஒருவர் தன் வசதிக்காக ஒரு செமஸ்டர் செய்த ஏற்பாடு அடுத்தடுத்து நகலெடுக்கப்பட்டு விதி மாதிரி தோற்றம் கொடுக்கும்.

இரண்டில் எது எந்த வகை என்று தாளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. துறைத் தலைவரிடம் நேராகக் கேளுங்கள். ‘சிலபஸை மாற்றலாமா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘வேண்டாம், இருப்பதை நடத்துங்கள்’ என்றுதான் பதில் வரும். யாரும் அப்படித்தான் சொல்வார்கள், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு எல்லை இல்லை. குறிப்பாகக் கேளுங்கள்: ‘யூனிட்டுகளின் வரிசையை மாற்றலாமா? இன்டெர்னல் மதிப்பெண்ணுக்குள் தேர்வும் அசைன்மென்டும் எப்படிப் பிரிய வேண்டும் என்று விதி உண்டா? பாடநூலோடு வேறு வாசிப்பும் கொடுக்கலாமா? பொதுத் தேர்வு வினாத்தாளை யார் எழுதுகிறார்கள், அதில் எனக்குப் பங்கு உண்டா?’ இப்படிக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை என்று பதில் கிடைக்கும். நேரில் பேசிய பிறகு அதையே நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். நாளைக்குத் துறைத் தலைவர் மாறினாலும் அது உங்களிடம் இருக்கும்.

அடுத்து பலரும் தவறவிடும் ஒரு வேலை. உங்கள் பாடத்தை முன்தேவையாக வைத்திருக்கும் அடுத்த பாடத்தை யார் எடுக்கிறார்களோ அவரிடம் போய் அரை மணி நேரம் பேசுங்கள். ‘என் வகுப்பை முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு எது தெரியாமல் நீங்கள் திரும்ப நடத்த வேண்டியிருக்கிறது? நான் நடத்துவதில் எதை நீங்கள் பயன்படுத்துவதே இல்லை?’ இந்த இரண்டு கேள்வி போதும். ‘வரைபடத்தைப் பார்த்து அர்த்தம் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அட்டவணையில் இடைச்செருகல் போட்டு மதிப்பு கண்டுபிடிக்கத் தெரிகிறது, அது எனக்குத் தேவையே இல்லை, மென்பொருள் செய்துவிடுகிறது’ என்று அவர் சொன்னால், எங்கே கத்தரிப்பது, எங்கே ஊன்றுவது என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். உங்களுக்கு முன்பு இதே பாடத்தை எடுத்தவர் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். இந்த வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குச் சில நேரம் நல்ல காரணம் இருக்கும்: மூன்றாம் யூனிட்டில் வரும் ஒன்று, பக்கத்துத் துறையில் அதே வாரம் நடக்கும் ஆய்வகத்துக்குத் தேவைப்படலாம். காரணம் தெரியாமல் கலைத்தால் அங்கே இடிக்கும்.

இப்போது கற்றல் விளைவுகளுக்கு வருவோம். அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இலேயே பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு நான்கு கேள்விகளை வைத்தார்: என்ன நோக்கம், அதற்கு என்ன அனுபவங்களைத் தர வேண்டும், அவற்றை எப்படி அடுக்க வேண்டும், நோக்கம் நிறைவேறியதை எப்படித் தெரிந்துகொள்வது. பின்னாளில் 1998-இல் விக்கின்ஸ், மெக்டைக் என்ற இரண்டு கல்வியாளர்கள் கடைசியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வடிவமைக்கும் முறையைப் பரப்பினார்கள். மாணவர் கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடு, அதற்கான சான்று எது என்று முடிவெடு, அதன் பிறகுதான் எந்த வகுப்பில் என்ன நடத்துவது என்று யோசி. கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் நாம் பாடநூலின் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கி, காலம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துகிறோம். உங்கள் கடைசி யூனிட் அவசரமாக முடிவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கற்றல் விளைவுகள் பட்டியலில் ‘புரிந்துகொள்வர்’, ‘அறிந்துகொள்வர்’ என்று முடியும் வரிகள் நிறைய இருக்கும். அந்த வாசகத்தை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் அதற்கு உங்களுக்கென்று ஒரு பொருளை முடிவுசெய்யலாம். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘மாணவர்கள் திட்டப் பிழை என்ற கருத்தைப் புரிந்துகொள்வர்.’ மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு அசையும் என்பதன் அளவுதான் திட்டப் பிழை. அதைப் புரிந்துகொண்ட மாணவர் என்ன செய்வார்? வழக்கமான வினாத்தாள் ‘திட்டப் பிழையை வரையறு’ என்று கேட்கும். மனப்பாடம் செய்தவரும் புரிந்துகொண்டவரும் ஒரே பதிலை எழுதுவார்கள். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ஓர் அலுவலகம் 25 பேரிடம் கேட்டு, சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம் என்கிறது. இன்னோர் அலுவலகம் 400 பேரிடம் கேட்டு 13 நிமிடம் என்கிறது. இரண்டிலும் திட்ட விலக்கம் 10 நிமிடம். எந்தச் சராசரியை அதிகம் நம்புவீர்கள், ஏன்? முதல் அலுவலகம்தான் வேகமானது என்று சொல்லிவிடலாமா?’

திட்ட விலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால், முதலாவதற்குத் திட்டப் பிழை 2 நிமிடம், இரண்டாவதற்கு அரை நிமிடம். கணக்கு ஒரு வரிதான். ஆனால் 12-க்கும் 13-க்கும் உள்ள ஒரு நிமிட வித்தியாசம் அந்த 2 நிமிட அசைவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று எழுதுபவருக்குத்தான் விஷயம் புரிந்திருக்கிறது. ஒவ்வொரு கற்றல் விளைவுக்கும் இப்படி ஒரு கேள்வியைச் செமஸ்டர் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். ஐந்தாறு விளைவுக்கு ஐந்தாறு கேள்வி. இந்த ஒரு தாள் இருந்தால் எதை விடுவது, எதை வைப்பது என்ற விவாதம் பாதி முடிந்துவிடும்.

வினைச்சொற்களின் பட்டியல் ஒன்று உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள்: நினைவுகூர், விளக்கு, பயன்படுத்து, பகுத்தாய் என்று போகும். கற்றல் நோக்கங்களைப் படிப்படியாக அடுக்கும் புளூமின் வகைப்பாடு 1956-இல் வந்தது, 2001-இல் திருத்தப்பட்டது. அதிலிருந்து எடுத்தது அந்தப் பட்டியல். நல்ல கருவிதான். ஆனால் ‘புரிந்துகொள்வர்’ என்பதை அடித்துவிட்டு ‘பகுத்தாய்வர்’ என்று எழுதிவைத்து, வினாத்தாளில் அதே வரையறைக் கேள்வியைக் கேட்டால் எதுவும் மாறவில்லை. கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் வலியுறுத்திய இசைவு என்பது இதைத்தான்: நோக்கம், வகுப்பில் நடப்பது, மதிப்பீடு மூன்றும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். மாணவர்கள் நம் நோக்கத்தைப் படித்துப் படிப்பதில்லை, பழைய வினாத்தாளைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அதனால் சென்ற ஆண்டு வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அது எந்தக் கற்றல் விளைவைச் சோதிக்கிறது என்று எண் போடுங்கள். பிறகு விளைவுவாரியாக மதிப்பெண்ணைக் கூட்டுங்கள். ‘தரவை வைத்து முடிவெடுத்து அந்த முடிவின் வரம்பைச் சொல்வர்’ என்பதுதான் பாடத்தின் உச்சம் என்று பாடத்திட்டம் சொல்லும். கூட்டிப் பார்த்தால் அதற்கு ஓரம்கட்டிய ஒரு கேள்விதான் இருக்கும், அதுவும் விருப்பத் தேர்வில். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் சக ஆசிரியரிடம் பேசினால், ‘புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் மாற்றப் பார்க்கிறார்’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது. தாளில் இருக்கும் எண்ணைத்தான் இருவரும் பார்க்கிறீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. 15 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம் என்றால் 45 மணி நேரம் இருப்பதாகப் பாடத்திட்டம் எடுத்துக்கொள்ளும். முதல் வகுப்பில் அறிமுகத்துக்கு ஒன்று, இரண்டு இன்டெர்னலுக்கு இரண்டு, விடைத்தாளைக் கொடுத்துப் பேச இரண்டு, கடைசி ரிவிஷனுக்கு மூன்று, விடுமுறை, உடல்நலமின்மை, மின்தடை என்று எதிர்பாராமல் போவது மூன்று. மீதி 34. ஐந்து யூனிட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏழு மணி நேரம்கூட வராது. உங்கள் ஊரில், உங்கள் கல்லூரியில் எண்கள் வேறாக இருக்கலாம். கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்காதீர்கள். ‘போர்ஷன் முடியவில்லை’ என்ற புலம்பல் பெரும்பாலும் ஆசிரியரின் வேகத்தைப் பற்றியதாக இருக்கும். 34 மணி நேரத்துக்குள் 45 மணி நேரப் பாடத்தை யாராலும் நடத்த முடியாது, ஓட்ட மட்டுமே முடியும்.

மாணவரின் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் மரபில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பும் வெளியே இரண்டு மணி நேர உழைப்பும். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு மொத்தமாக 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள், வகுப்பும் அதில் அடக்கம். எந்த முறையாக இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. நீங்கள் ஆர்வத்தில் கொடுக்கும் கூடுதல் வாசிப்பு, வேறொரு பாடத்தின் நேரத்தைத்தான் சாப்பிடும்.

சரி, கத்தரிப்பது எப்படி? எல்லாத் தலைப்பையும் எழுதிவைத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். இது இல்லாமல் அடுத்த பாடம் நடக்காது என்பவை ஒன்று. ஒரு முறை பார்த்திருந்தால் போதும், தேவைப்படும்போது தேடிப் படித்துக்கொள்வார்கள் என்பவை இரண்டு. இங்கே ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதவை மூன்று. பொதுத் தேர்வு இருப்பதால் மூன்றாவது குவியலைக்கூட உங்களால் முழுதாகத் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. அங்கிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டால் பாதிக்கப்படுவது உங்கள் பிரிவு மாணவர்கள்தான். ஆனால் ஆழத்தைக் குறைக்க முடியும். இரண்டு மணி நேரம் கரும்பலகையில் போட்ட நிரூபணத்தை ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுத்து, அதில் கடினமான ஒரே ஒரு படியை மட்டும் வகுப்பில் பத்து நிமிடம் பேசலாம். தலைப்பு பாடத்திட்டத்தில் அப்படியே இருக்கும், நேரம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

வந்த நேரத்தை எங்கே போடுவது என்பதில்தான் ஆசிரியரின் திறமை தெரியும். உங்கள் பாடத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். வழக்கமான அடுக்கு இது: முதல் யூனிட்டில் சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம்; இரண்டில் நிகழ்தகவு; மூன்றில் ஈருறுப்பு, பாய்சான், இயல்நிலைப் பரவல்கள்; நான்கில் மாதிரிப் பரவலும் மதிப்பிடுதலும்; ஐந்தில் கருதுகோள் சோதனை. கணித ரீதியாக இந்த வரிசையில் குற்றம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறது. ஆனால் படிப்பவர் பக்கத்திலிருந்து பாருங்கள். இந்தப் பாடம் எதற்காக இருக்கிறது என்பது பதினோராம் வாரம் வரை அவருக்குத் தெரியாது. அதுவரை அவர் செய்வது சூத்திரத்தில் எண்ணைப் போடுவது. மாதிரிக்கு மாதிரி சராசரி மாறும் என்ற ஒரே ஒரு அனுபவம், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதை அவர் முதல்முறை சந்திப்பதே நான்காம் யூனிட்டில் ஒரு கிரேக்க எழுத்தாகத்தான்.

யூனிட்டுகளின் வரிசையைத் தொடாமலே இதைச் சரிசெய்யலாம். இரண்டாவது வாரம், சராசரி நடத்தும்போதே, வகுப்பில் உள்ள எல்லோரும் கல்லூரிக்கு வர எடுக்கும் நேரத்தைத் தனித்தனிச் சீட்டில் எழுதச் சொல்லி ஒரு பெட்டியில் போடுங்கள். ஒவ்வொருவரும் வந்து ஒரு சீட்டை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிட்டு, இப்படி நான்கு முறை எடுக்கட்டும். நான்கின் சராசரியைப் பலகையில் ஒரு கோட்டின் மேல் புள்ளியாக வைக்கட்டும். அப்புறம் இருவர் இருவராகச் சேர்ந்து 16 முறை எடுத்து, அந்தச் சராசரியை வேறு நிறத்தில், கீழே இன்னொரு கோட்டில் வைக்கட்டும். மேல் கோட்டில் புள்ளிகள் பரந்து கிடக்கும், கீழ் கோட்டில் நடுவே நெருங்கி நிற்கும். சூத்திரம் எதுவும் சொல்லாதீர்கள். ‘ஏன் இப்படி?’ என்று மட்டும் கேளுங்கள். பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் யூனிட் வரும்போது அந்தப் படத்தைத் திரும்பக் காட்டுங்கள். திட்ட விலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்ற சூத்திரம் இப்போது அவர்கள் கண்ணால் பார்த்த ஒன்றின் விளக்கமாக வருகிறது. 4-இலிருந்து 16-க்குப் போனால் மாதிரி நான்கு மடங்கு, பரவல் ஏறக்குறைய பாதி. இதை மூன்று மணி நேரம் நடத்த வேண்டியிருந்தால் இனி ஒன்றரை மணி நேரம் போதும், மீதி ஐந்தாம் யூனிட்டுக்குப் போகும். இரண்டாம் வாரம் செலவழித்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? ஈருறுப்புப் பரவலிலிருந்து பாய்சான் பரவலை வருவிக்கும் அந்த இரண்டு மணி நேர நிரூபணத்தைக் குறிப்பாகக் கொடுத்தீர்களே, அங்கிருந்து. துறைக்குப் போகும் பாடத்திட்டத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

எந்தப் பாடமாக இருந்தாலும் இதே கேள்வியைக் கேட்கலாம்: கடைசியில் வரும் கடினமான கருத்தின் சூத்திரமில்லாத வடிவம் ஒன்றை முதல் மூன்று வாரத்துக்குள் கொண்டுவர முடியுமா? இலக்கியத் தாளில் திறனாய்வுக் கொள்கைகள் கடைசி யூனிட்டில் இருந்தால், ஒரே கவிதைக்கு இரண்டு முரண்பட்ட வாசிப்புகளை முதல் வாரமே முன்வைத்து எது சரி என்று வாதாடவிடலாம். நிரலாக்கத்தில் பிழை திருத்துவது கடைசியில் இருந்தால், ஓடாத ஒரு நிரலை முதல் வாரமே கையில் கொடுக்கலாம்.

இன்னொரு பெரிய ஆதாயம் தேர்வுகளை எப்படிப் பரப்புகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் தன்னையே சோதித்து மறதியின் வேகத்தை அளந்தார். படித்த உடனே மறதி வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று கண்டார். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை ஆசிரியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னால் இருந்தார்கள். படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் இரண்டு நாளுக்குப் பிறகும் ஒரு வாரத்துக்குப் பிறகும் முன்னால் இருந்தார்கள். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது.

பாடத்திட்டத்தில் இரண்டு இன்டெர்னல் என்று இருந்தால் அதை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு வார முதல் வகுப்பிலும் மதிப்பெண் இல்லாத மூன்று கேள்வி வையுங்கள்: ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று மூன்று வாரம் முன்பு நடத்தியதிலிருந்து, ஒன்று முதல் யூனிட்டிலிருந்து. ஐந்து நிமிடத்தில் எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு, சரியான விடையைப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போடலாம். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, திருத்தும் சுமையும் இல்லை. செமஸ்டர் முடிவில் ரிவிஷனுக்கு ஒதுக்கிய மூன்று மணி நேரத்தில் ஒன்றை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வரும்.

மாணவர்களை வகுப்பில் ஏதாவது செய்யவைப்பது நேரத்தை வீணாக்கும், போர்ஷன் போகாது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஃபிரீமனும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட கட்டுரை இருக்கிறது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு, மாணவர்களைச் செய்யவைக்கும் செயல்வழி வகுப்புகளில் இருந்ததைப்போல் ஒன்றரை மடங்காக இருந்தது. துறைக் கூட்டத்தில் கேள்வி எழுந்தால் இதைச் சொல்லலாம். எழவில்லை என்றால் சொல்ல வேண்டாம்; உங்கள் வகுப்பின் முடிவு பேசட்டும்.

வாசிப்புப் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பாடநூல் என்பதற்காக மட்டும் தூக்கி எறியாதீர்கள். அடிப்படைக் கருத்துகள் பழசாவதில்லை, எடுத்துக்காட்டுகளும் தரவுகளும்தான் பழசாகின்றன. அவற்றை மட்டும் மாற்றுங்கள். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2001-இல் அறிவித்த திறந்த பாடப்பொருள் திட்டத்தில் பல பாடங்களின் பாடத்திட்டம், பயிற்சித்தாள், தேர்வுத்தாள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே பாடத்தை வேறு ஒருவர் எப்படி அடுக்கியிருக்கிறார் என்று பார்ப்பதே பெரிய உதவி. எடுத்துப் பயன்படுத்தினால் உரிம நிபந்தனையைப் படித்து, எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிடுங்கள். உங்கள் கல்லூரியிலேயே முன்பு இருந்தவர் தயாரித்த குறிப்புக்கும் இது பொருந்தும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, அதற்கு முன் எழுதப்பட்ட அசைன்மென்ட் பகுதியை அப்படியே விட்டுவைக்க முடியாது. ‘புள்ளியியலின் பயன்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதுக’ என்ற அசைன்மென்டுக்கு இன்று பொருளே இல்லை. மாணவர் தானே திரட்டிய தரவு, வகுப்பில் எழுதிய முதல் வரைவு, ஐந்து நிமிட நேர்முகக் கேள்வி, இவற்றில் ஒன்றையாவது அசைன்மென்டோடு இணையுங்கள். எதற்குக் கருவியைப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பயன்படுத்தினால் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். கல்லூரிக்கு ஏற்கெனவே விதி இருந்தால் அதற்கு உட்பட்டு.

எப்போது மாற்றுவது என்பதிலும் ஒரு கண்டிப்பு வேண்டும். செமஸ்டர் தொடங்கும் முன் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். மாணவர் கைக்குத் தாள் போன பிறகு மதிப்பெண் பங்கையும் தேர்வுத் தேதியையும் அவர்களுக்குப் பாதகமாக மாற்றவே கூடாது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர், இவர்கள் எல்லாம் அந்தத் தேதிகளை நம்பித்தான் மற்றதைத் திட்டமிட்டிருப்பார்கள். கெடுவைத் தள்ளிப்போடலாம், முன்னே இழுக்கக் கூடாது. ஒரு தலைப்புக்கு இன்னும் ஒரு வகுப்பு தேவைப்பட்டால் கொடுங்கள், ஆனால் எதிலிருந்து எடுத்தீர்கள் என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். இப்படி நகர்த்த வசதியாக, எட்டாம் வார வாக்கில் எதுவும் எழுதாத ஒரு வகுப்பை அட்டவணையில் முன்கூட்டியே விட்டுவையுங்கள்.

ஐந்தாம் அல்லது ஆறாம் வாரத்தில், பெயர் எழுதாத தாளில் மூன்று கேள்வி கேளுங்கள்: உங்களுக்கு உதவுவது எது, தடையாக இருப்பது எது, இதுவரை நடத்தியதில் எது இன்னும் தெளிவாகவில்லை. செமஸ்டர் முடிவில் கல்லூரி வாங்கும் கருத்துப் படிவம் அடுத்த ஆண்டு மாணவருக்குத்தான் பயன்படும். இது இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பயன்படும். படித்துவிட்டு அடுத்த வகுப்பிலேயே பதில் சொல்லுங்கள். மாற்ற முடிந்ததை மாற்றுங்கள், முடியாததற்குக் காரணம் சொல்லுங்கள். கேட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் விட்டால் அடுத்த முறை வெற்றுத் தாள்தான் திரும்பி வரும்.

சக பிரிவு ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். பொதுத் தேர்வு இருக்கும்போது ஒரு பிரிவு மட்டும் வேறு வழியில் போனால் மாணவர்கள் விடுதியில் நோட்டை ஒப்பிட்டுப் பார்த்து ‘அங்கே இது நடத்தினார்கள், இங்கே நடத்தவில்லை’ என்று பதறுவார்கள். அவரிடம் முன்கூட்டியே உங்கள் வார அட்டவணையைக் காட்டுங்கள். உங்கள் மாற்றத்தை ஏற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. எந்த வாரத்துக்குள் இருவரும் எந்த இடத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்று மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ஒவ்வொரு இன்டெர்னலுக்கும் முன்பு. சீட்டு எடுக்கும் வகுப்பை அவர் வந்து பார்க்கட்டும். வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியை, அந்த 25 பேர், 400 பேர் மாதிரியானதை, சேர்க்க அவர் சம்மதித்தால் முதல் செமஸ்டருக்கு அதுவே பெரிய முன்னேற்றம்.

ஒரே செமஸ்டரில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதல் முறை எடுக்கும்போது இரண்டு அல்லது மூன்று மாற்றம்: கடைசிக் கருத்தின் எளிய வடிவத்தை முன்னே கொண்டுவருவது, வாராந்திர மூன்று கேள்வி, ஓர் அசைன்மென்டைத் திருத்துவது. இதற்கு மேல் போனால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். வேலை செய்ததா என்று பார்க்க, நீங்கள் மாற்றாமல் விட்ட பழைய கேள்வி ஒன்றையும் தேர்வில் வைத்து, முந்தைய ஆண்டு விடைத்தாள்களோடு ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு வாரமும் வகுப்பு முடிந்த அன்றைக்கே மூன்று வரி: திட்டமிட்டது எவ்வளவு நேரம், எடுத்தது எவ்வளவு நேரம், மாணவர்கள் எங்கே நின்றுபோனார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஞாபகம் இருக்காது. செமஸ்டர் முடிந்ததும் இந்தக் குறிப்புகளோடு, நீங்கள் போட்ட மதிப்பெண் கணக்கையும் அடுத்த பாட ஆசிரியர் சொன்னதையும் சேர்த்தால், பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு முன்மொழிவு கையில் தயார். அந்தக் குழு ஆண்டுக்கு எத்தனை முறை கூடுகிறது, எவ்வளவு நாள் முன்பு தாள் கொடுக்க வேண்டும் என்பதை அலுவலகத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள்; பல இடங்களில் இந்தச் செமஸ்டர் கொடுத்தால்தான் அடுத்த கல்வியாண்டுக்கு வரும். முன்மொழிவு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்: பழைய வரி, புதிய வரி, காரணம், சான்று என்று நான்கு கட்டம் போட்ட அட்டவணை போதும். முந்தைய வடிவத்தின் ஆண்டையும் உங்கள் வடிவத்தின் ஆண்டையும் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு இந்தப் பாடத்தை எடுப்பவருக்கு இது யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியட்டும்.